நகரும் நிலமும் கடல்கொண்ட நிலமும்

(தமிழ்மன்றக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நிலம் என்னும் சொல் 'நில்' என்னும் வேரினின்று பிறந்தது என்பர் சொல்லாய்வறிஞர். ஓடும் நீருக்கும் வீசும் காற்றுக்கும் எதிராக, அசையாது நிற்பது எதுவோ அது நிலம். ஆனால் தமிழில் இவ்வுலகுக்கு இன்னொரு பெயரும் உண்டு, அது ஞாலம். ஞாலுதல் என்றால் தொங்குதல், ஊசலாடுதல். நிற்பது என்று ஒரு சொல். ஊசலாடுவது என்று மற்றொரு சொல். இவ்விரண்டில் எது உண்மை? கண்ணுக்கு நிலம் நிற்கிறது. அளவுகோலுக்கு அது நகர்கிறது. நாம் அமர்ந்திருக்கும் இந்த மண்ணும், இதன்கீழ்க் கிடக்கும் பாறையும், ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்ந்துகொண்டே இருக்கின்றன. விரல் நகம் வளரும் வேகத்தைவிடச் சற்றே மிகுதி, அவ்வளவுதான். ஆனால் அந்த நகர்ச்சிதான் இமயத்தைத் தூக்கி நிறுத்தியது. 2004ஆம் ஆண்டு நாகைக் கடற்கரையைச் சுடுகாடாக்கியதும் அதுவே.

இந்த நகர்ச்சியைப் பற்றிய அறிவு ஒவ்வொரு தமிழனுக்கும் வேண்டும். அதற்குத் தனியொரு கரணியமும் உண்டு. கடல்கொண்ட நாட்டைப் பற்றிப் பேசும் இனம் நம் இனம். கடல் எதைக் கொள்ளும், எதைக் கொள்ளாது என்று தெளியாமல் அதைப் பேசினால், மெய்யும் பொய்யும் ஒன்றாய்க் கலந்துவிடும். ஆகவே முதலில் நிலத்தின் இயல்பைக் காண்போம். பின்னர்க் கடல்கோளுக்கு வருவோம்.

ஞாலத்தின் உள்ளமைப்பு

ஞாலத்தின் மேற்பரப்பிலிருந்து நடுப்புள்ளி வரை ஏறத்தாழ 6,370 கிலோமீட்டர். மேலே மெல்லிய ஓடு. அதன்கீழ் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை மூடகம். அதற்கும் உள்ளே பெரும்பாலும் இரும்பாலான கருவகம். மேலோடு எங்கும் ஒரே தன்மையது அன்று. கண்டங்களின் அடியில் அது 30 முதல் 70 கிலோமீட்டர் வரை தடித்தது. கருங்கல் போன்ற எடை குறைந்த பாறைகளால் ஆனது. பெருங்கடலின் அடியில் அது ஏறத்தாழ 7 கிலோமீட்டரே தடித்தது. எரிமலைக் குழம்பு உறைந்த, எடை மிகுந்த கரும்பாறையால் ஆனது. நீரின் எடையை ஒன்று எனக் கொண்டால், கண்டப் பாறையின் எடை 2.7, கடலடிப் பாறை 3.0, மூடகத்தின் மேற்பகுதி 3.3. இந்த மூன்று எண்களையும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இவ்வுரையின் பிற்பகுதி முழுதும் இவற்றின்மேல் நிற்கிறது.

மேலோடும் மூடகத்தின் உச்சிப்பகுதியும் ஒன்றாய் இறுகி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தடிப்புள்ள கற்கோளமாக இருக்கின்றன. அக்கோளம் உடையாத ஒரே ஓடு அன்று. பெரியன ஏழும் சிறியன பலவுமாகத் துண்டுபட்டது. அத்துண்டுகளே நிலத்தட்டுகள். அவற்றின் அடியில் மூடகப் பாறை திண்மமாகவே இருந்தும், வெம்மையால் இளகி, மிக மெல்ல ஒழுகும் தன்மை கொண்டது. அதன்மேல் தட்டுகள் நகர்கின்றன. அவற்றின் முதுகில் கண்டங்களும் கடலடியும் சேர்ந்தே செல்கின்றன.

எள்ளப்பட்ட உண்மை

கண்டங்கள் நகர்கின்றன என்பதை முறையாக எடுத்துரைத்தவர் செருமானிய நாட்டு ஆல்பிரெடு வெகனர். 1880இல் பிறந்த அவர் வானிலை ஆய்வாளர். நிலவியல் அவருடைய துறையன்று. 1912ஆம் ஆண்டு சனவரியில் பிராங்குபர்ட்டு நகரில் தம் கருத்தை அவைமுன் வைத்தார், 1915இல் நூலாக்கினார். தென்னமெரிக்காவின் கிழக்கு விளிம்பும் ஆப்பிரிக்காவின் மேற்கு விளிம்பும் உடைந்த ஓட்டின் இரு துண்டுகள் போலப் பொருந்துகின்றன. இருபுறத்துப் பாறை அடுக்குகளும் ஒத்திருக்கின்றன. கல்லாகிப் போன உயிரினங்களும் ஒத்திருக்கின்றன. ஆகவே ஒரு காலத்தில் நிலமெல்லாம் ஒன்றாய் இருந்து பின்னரே பிரிந்தது என்றார் அவர்.

அதே 1912ஆம் ஆண்டில் தென்முனையிலிருந்து ஒரு சான்று வந்தது. தென்முனையை அடைந்து திரும்பும் வழியில் பனியில் மாண்ட இசுகாட்டு குழுவினரின் உடல்களைத் தேடிக் கண்டவர்கள், அவர்கள் இழுத்து வந்த சறுக்குவண்டியில் ஏறத்தாழ 16 கிலோ எடையுள்ள கற்களைக் கண்டனர். உயிர் போகும் நிலையிலும் அக்கற்களை அவர்கள் எறியவில்லை. அவற்றுள் நாக்கு வடிவான ஓர் இலையின் கல்லச்சு இருந்தது. இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆத்திரேலியாவிலும் தென்னமெரிக்காவிலும் நிலக்கரி அடுக்குகளில் கிடைக்கும் அதே இலை! பனிமூடிய தென்முனைக் கண்டத்தில் அம்மரம் எவ்வாறு வளர்ந்தது? நிலங்கள் ஒன்றாய் இருந்தன என்றால் விடை எளிது.

எனினும் வெகனரை அறிஞர் அவை ஏற்கவில்லை. கண்டத்தைத் தள்ளும் விசை எது என்ற வினாவிற்கு அவரால் விடை தர இயலவில்லை. எள்ளலைச் சுமந்தபடியே 1930 நவம்பரில், ஐம்பதாம் அகவையில், கிரீன்லாந்துப் பனிவெளியில் அவர் உயிர் நீத்தார்.

விடை கடலுக்கடியில் இருந்தது. அமெரிக்க அம்மையார் மேரி தார்ப்பு, கப்பல்கள் கொணர்ந்த ஒலிவழி ஆழ அளவுகளைக் கொண்டு அட்லாண்டிக்குக் கடலடியின் வடிவத்தைத் தாளில் வரைந்தார். பெண் என்பதால் அக்காலத்தில் ஆய்வுக்கப்பலில் ஏறவும் அவருக்கு இசைவு இல்லை. கடலடியின் நடுவே நீண்டு செல்லும் மலைத்தொடரின் உச்சியில், பிளந்த பள்ளம் ஒன்று தொடர்ந்து ஓடுவதை 1950களின் தொடக்கத்தில் அவர் கண்டார். உடன் பணியாற்றியவரே முதலில் அதைப் பெண்பேச்சு என்று ஒதுக்கினார். பின்னர் அதுவே உண்மையாயிற்று. இத்தகைய கடலடி மலைத்தொடர், பந்தின் தையல் போல, ஞாலத்தை 65,000 கிலோமீட்டர் சுற்றி ஓடுகிறது.

1962இல் ஆரி எசு என்பார் இதற்குப் பொருள் கூறினார். அத்தொடரின் பிளவு வழியே மூடகக் குழம்பு மேலெழுந்து உறைந்து புதிய கடலடியாகிறது; பழைய கடலடி இருபுறமும் விலகிச் செல்கிறது. மறு ஆண்டே வைன், மாத்தியூசு என்னும் இருவர் இதை மெய்ப்பிக்கும் வழியைக் காட்டினர். குழம்பு உறையும்போது அதிலுள்ள இரும்பு நுண்துகள்கள் அந்தக் காலத்துக் காந்தத் திசையைப் பதிந்துகொள்கின்றன. ஞாலத்தின் காந்தமுனைகள் அவ்வப்போது இடம் மாறுவன. கடைசியாக மாறியது ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகட்கு முன். ஆகவே கடலடிப் பாறையில் பிளவின் இருபுறமும் வரிக்குதிரையின் உடல்போல் காந்த வரிகள் ஒத்து அமைந்திருக்கவேண்டும். அவ்வாறே இருந்தன! அவர்கள் ஆய்ந்த வரிகள் எந்தக் கடலைச் சேர்ந்தவை தெரியுமா? நம் மேற்குக் கடலுக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலின் வடமேற்கே கிடக்கும் கடலடி மலைத்தொடரைச் சேர்ந்தவை. ஞாலம் நகர்கிறது என்பதற்குரிய ஆவணம் நம் கடலின் அடியிலேயே எழுதப்பட்டிருந்தது.

1960களின் இறுதிக்குள் வில்சன், மார்கன், மெக்கன்சி, இலெபிசோன் முதலியோர் நிலத்தட்டுக் கொள்கையை முழு வடிவிற் கொணர்ந்தனர். இன்று செயற்கைக்கோள்கள் ஒவ்வொரு தட்டின் நகர்ச்சியையும் மில்லிமீட்டர் அளவில் அளந்து காட்டுகின்றன. இது இனிக் கருத்தன்று, அளக்கப்பட்ட உண்மை.

மூவகை எல்லைகள்

தட்டுகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களே ஞாலத்தின் முகத்தைச் செதுக்குகின்றன. அச்சந்திப்பு மூவகைப்படும்.

ஒன்று, விலகும் எல்லை. இங்குப் புதுக் கடலடி பிறக்கும். ஐசுலாந்துத் தீவு இத்தகைய எல்லையின்மேல் உள்ளது. கிழக்கு ஆப்பிரிக்காவின் பெரும்பிளவுப் பள்ளத்தாக்கு, ஒரு கண்டம் பிளக்கத் தொடங்கியதன் அடையாளம்.

இரண்டு, உரசும் எல்லை. இங்கு நிலம் பிறப்பதுமில்லை, அழிவதுமில்லை. ஒன்றையொன்று உராய்ந்து செல்லும் தட்டுகள் சிக்கி நின்று, திடுமென விடுபடும்போது நிலம் அதிரும். 1906இல் சான்பிரான்சிசுகோ நகரை அழித்த நிலநடுக்கம் இவ்வகையது.

மூன்று, மோதும் எல்லை. கடலடித் தட்டு கண்டத்தட்டோடு மோதினால், எடை மிகுந்த கடலடி வளைந்து மூடகத்துள் அமிழும். அமிழும் இடத்தில் ஆழ்கடல் அகழியும், அதற்கு அப்பால் எரிமலை வரிசையும் தோன்றும். அமைதிப் பெருங்கடலின் மரியானா அகழி ஏறத்தாழ 11,000 மீட்டர் ஆழம். இரு கண்டங்களே மோதினாலோ, இரண்டும் எடை குறைந்தவையாதலின் எதுவும் எளிதில் அமிழாது. இரண்டும் மடிந்து மேலெழும். அதுவே மலைப்பிறப்பு.

இதனால் ஒன்று விளங்கும். கடலடி பிறக்கிறது, நகர்கிறது, மீண்டும் உள்ளே போய் அழிகிறது. ஆதலால் இன்றைய பெருங்கடல்களின் அடியில் 18 கோடி ஆண்டுகட்கு மேற்பட்ட பாறையைக் காண்பது அரிது. கண்டமோ அமிழாது மிதப்பது. ஆதலால் 400 கோடி ஆண்டு அகவையுள்ள பாறையும் கண்டத்தில் உண்டு. கடலடி இளையது, கண்டம் முதியது.

நம் நிலத்தின் பயணம்

இனி நம் நிலத்தின் கதையைக் கேளுங்கள். இந்தியா, ஆப்பிரிக்கா, மடகாசுகர், அண்டார்ட்டிகா, ஆத்திரேலியா, தென்னமெரிக்கா ஆகியவை ஒன்றாய் இருந்த பெருநிலத்தை நிலவியலார் கோண்டுவானா என்பர். நடு இந்தியாவில் வாழும் கோண்டு மக்களின் நாட்டுப் பெயரே அது. அவர்களது கோண்டி மொழி தமிழுக்கு உறவுமொழி. ஒரு திரவிடமொழி மக்களின் பெயர் ஞாலத்தின் பாதிக்குப் பெயராய் அமைந்தது நாம் மகிழத்தக்க செய்தி.

ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகட்கு முன் அப்பெருநிலம் பிளக்கத் தொடங்கியது. பின்னர் இந்தியாவும் மடகாசுகரும் சேர்ந்த துண்டு அண்டார்ட்டிகாவை விட்டுப் பிரிந்தது. அப்பிரிவின் தழும்புதான் நம் கிழக்குக் கடற்கரை. பிளவு இழுத்த இழுப்பில் நிலம் தாழ்ந்து காவிரிப் படுகை உருவாயிற்று. தாழ்ந்த இடத்தில் கடல் புகுந்தது. அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளில் உழவர் கலப்பைக்குத் தட்டுப்படும் சுருள்சுருளான கல்நத்தைகள் அக்கடலில் வாழ்ந்தவை. சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் 18 மீட்டர் நீள அடிமரமும் அக்காலத்தது. கரையில் வளர்ந்து கடற்சேற்றில் புதையுண்டது. அரியலூர்ச் சிமென்று ஆலைகள் அரைக்கும் சுண்ணாம்புக்கல், அக்கடல்வாழ் உயிர்களின் ஓடுகளே.

ஏறத்தாழ 8 கோடியே 80 இலக்கம் ஆண்டுகட்கு முன் மடகாசுகரும் பிரிந்து பின்தங்கியது. இந்தியா தனித்து வடக்கே விரைந்தது. 6 கோடியே 60 இலக்கம் ஆண்டுகட்கு முன் அதன் மேற்குப் பகுதியில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காய்ப் பொங்கி வழிந்தது. இன்றும் 5 இலக்கம் சதுரக் கிலோமீட்டரில் பரந்து கிடக்கும் தக்காணக் கரும்பாறை அதுவே. அசந்தாவும் எல்லோராவும் குடையப்பட்ட பாறை அதுவே. அக்காலத்தில் நம் தட்டு ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கு மேலும் நகர்ந்தது. தட்டுகளின் உலகில் அது குதிரைப் பாய்ச்சல்.

ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகட்கு முன் இந்தியா ஆசியாவோடு மோதியது. இடையில் இருந்த தெதிசு என்னும் கடல் நசுங்கி மறைந்தது. அதன் அடிச்சேறு 2,400 கிலோமீட்டர் நீள இமயமாக எழுந்தது. 8,848 மீட்டர் உயர எவரெசுட்டு முடியில் இருப்பது கடலில் படிந்த சுண்ணாம்புக்கல். கண்டகி ஆற்றிற் பொறுக்கிப் பூசையில் வைக்கும் சாளக்கிராமம், அம்மறைந்த கடலில் நீந்திய சுருளோட்டு உயிரின் கல்லச்சு. மோதல் இன்னும் ஓயவில்லை. 2015 ஏப்பிரல் 25இல் நேபாளத்தில் ஏறத்தாழ 9,000 உயிர்களைக் குடித்த நிலநடுக்கம் அதன் தொடர்ச்சியே.

வடக்கே இமயம் இளமலை. தெற்கே நம் மலைகளோ முதுமலைகள். சென்னையை அடுத்த பரங்கிமலையும் பல்லாவரமும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு அகவையுள்ள பாறையால் ஆனவை. கொல்கத்தாவில் சார்னாக்கு என்னும் ஆங்கிலேயரின் கல்லறைக்கு இங்கிருந்து கொண்டுபோன கல்லைக் கொண்டே அவ்வகைப் பாறைக்கு உலகெங்கும் 'சார்னாக்கைட்டு' என்று பெயரிட்டனர். வெட்டி எடுத்தது தமிழ்மண். பெயர் மட்டும் சார்னாக்குக்குப் போயிற்று! அவ்வகைப் பாறையே இலங்கையிலும் மடகாசுகரிலும் கிழக்கு அண்டார்ட்டிகாவிலும் கிடைக்கிறது. ஒரே நிலத்தின் பிரிந்த துண்டுகள் அவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

இலெமூரியாவின் கதை

இங்குதான், அன்பர்களே, நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு ஓர் உண்மையை எதிர்கொள்ள வேண்டும்.

1864இல் ஆங்கில நாட்டு விலங்கியலார் பிலிப்பு சுகிளேட்டர், மடகாசுகரில் வாழும் இலெமூர் விலங்குகளுக்கும் இந்தியாவின் தேவாங்குக்கும் உள்ள உறவை எண்ணிப் பார்த்தார். கடலைத் தாண்டி அவை எவ்வாறு வந்தன? இடையில் ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்கவேண்டும் என்று கருதி, அதற்கு இலெமூரியா என்று பெயரிட்டார். கண்டங்கள் நகர்வதை எவரும் அறியாத காலம் அது. எக்கல் முதலியோர் அதை மாந்தனின் பிறப்பிடம் என்றனர். இறைநெறிக் கழகத்தார் கற்பனைகளை அதன்மேல் ஏற்றினர். பின்னரே அப்பெயர் நம் குமரிநாட்டின்மேல் வந்து ஒட்டியது. மொழிஞாயிறு பாவாணர் உள்ளிட்ட நம் மூத்த அறிஞரும் தாம் கற்ற நூல்களில் அக்கண்டம் இருக்கக் கண்டே அதனைப் பற்றி எழுதினர். அதில் அவர்க்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் சொல்லின் வேரை அகழ்ந்து பார்த்தே பொருள்கொள்ள வேண்டும் என்று நமக்குக் கற்பித்தவர் பாவாணர். நிலத்தின் வேரையும் அவ்வாறே அகழ்ந்து பார்ப்பதுதான் அவர் வழி நிற்றல்.

அகழ்ந்து பார்த்தாயிற்று. 1970களின் தொடக்கத்தில் குளோமார் சாலஞ்சர் என்னும் ஆய்வுக்கப்பல் இந்தியப் பெருங்கடலின் பல இடங்களில் அடியைத் துளையிட்டது. கண்டது என்ன? நுண்ணுயிர் ஓடுகள் படிந்த சேறும், அதன்கீழ் எரிமலைக் கரும்பாறையும். முதலில் மனத்திலிருத்திய மூன்று எண்களை நினைவு கூருங்கள். எடை 2.7 உள்ள கண்டம், எடை 3.3 உள்ள மூடகத்தில் சுவடின்றி மூழ்காது. கட்டுமரம் நீரில் மூழ்காதது போல. கண்டம் நீட்டி இழுக்கப்பட்டு மெலிந்தால் தாழ்ந்து கடல்நீரால் மூடப்படலாம். நியூசிலாந்தைச் சூழ்ந்த சீலாந்தியா அத்தகையது. 49 இலக்கம் சதுரக் கிலோமீட்டரில் 94 விழுக்காடு நீருள் உள்ளது. ஆனால் அதன் கண்டப்பாறை இன்றும் அங்கேயே இருக்கிறது; அளந்து வரையவும் முடிந்தது. குமரிக்குத் தெற்கே அவ்வாறு ஒரு பெருங்கண்டம் இருந்திருந்தால், அதுவும் அகப்பட்டிருக்கும்.

சிறுதுண்டுகள் அகப்பட்டுள்ளன. சீசெல்சுத் தீவுகள் கண்டக் கருங்கல்லால் ஆனவை. மொரிசியசுத் தீவின் எரிமலைப் பாறையுள் 300 கோடி ஆண்டு முதுமையுள்ள மணித்துகள்கள் இருப்பதை 2017இல் ஆய்வாளர் வெளியிட்டனர். அத்தீவின் அடியில் பழங்கண்டச் சிதறல் ஒன்று புதைந்துள்ளது என்பது அதன் பொருள். "பார்த்தீர்களா, இலெமூரியா கிடைத்துவிட்டது" என்று அன்று நம்மவர் சிலர் மகிழ்ந்தனர். ஆனால் அச்சிதறல் உடைந்து பிரிந்தது கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முன். இன்றைய மாந்த இனம் தோன்றி ஏறத்தாழ 3 இலக்கம் ஆண்டுகளே ஆகின்றன. மாந்தனே இல்லாத காலத்தில் பிரிந்த நிலத்தில் தமிழ் எவ்வாறு பேசப்பட்டிருக்கும்?

சுகிளேட்டர் மூழ்கிய கண்டத்தைக் கொண்டு விடுவிக்க முயன்ற புதிரை, நகரும் கண்டம் தேவையற்றதாக்கிவிட்டது. இலெமூர்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து மிதந்த மரக்கூட்டங்களில் மடகாசுகரை அடைந்தன என்றே இன்றைய உயிரியலார் கருதுகின்றனர். வெள்ளையர் ஒருவர் விலங்குகளுக்காகப் புனைந்து, வெள்ளையரே கைவிட்ட ஒரு கருதுகோளின்மேல் தமிழின் தொன்மையை நாம் நிறுத்துவானேன்? தமிழுக்கு அம்முட்டு வேண்டா. கீழடியும் ஆதிச்சநல்லூரும் தொல்காப்பியமும் பாட்டும் தொகையும் போதும்.

கடல்கோள் பொய்யா?

அப்படியானால் பஃறுளியாறும் குமரிக்கோடும் கட்டுக்கதைகளா? சிலப்பதிகாரமும் கலித்தொகையும் களவியலுரையும் சொல்லும் கடல்கோள் வெறும் கனவா? அன்று. இலெமூரியாவை விலக்கிய பின்னரே கடல்கோளின் மெய்ம்மை துலங்குகிறது.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகட்கு முன், வடபுலங்களில் பனிப்பாறை மலைபோல் குவிந்திருந்த காலத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்று தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையே கடலில்லை. நடந்து செல்லும் நிலமே இருந்தது. குமரிமுனைக்குத் தெற்கே நம் மீனவர் வலைவீசும் ஆழமற்ற கடலடி மேடை, அன்று காடும் புல்வெளியுமாய் வெளியே கிடந்தது. பின்னர்ப் பனி உருகியது. கடல் ஏறியது. ஏறத்தாழ 14,500 ஆண்டுகட்கு முன் சில நூற்றாண்டுகளுக்குள்ளேயே பத்து மீட்டருக்கு மேல் ஏறியது. ஏறத்தாழ 7,000 ஆண்டுகட்கு முன்னரே அவ்வேற்றம் பெரும்பாலும் அடங்கியது. அவ்வளவு காலமும் இங்கு மாந்தர் வாழ்ந்தனர். சரிவு குறைந்த கரையில் கடல் ஒரு மீட்டர் ஏறினால் நிலம் பல நூறு மீட்டர் போகும். பாட்டன் உழுத புலத்தில் பேரன் மீன் பிடித்திருப்பான்.

இது கண்டம் மூழ்கிய கதையன்று. கரை போன கதை. ஆயினும் போனது வீடும் விளைநிலமும் ஆறும் ஊருமே. இழந்தவனுக்கு அது சிறிதாகுமா? அடியார்க்குநல்லார் தம் உரையில் கணக்கிட்ட 700 காவதமும் 49 நாடும் பாறையில் இல்லை. கடலால் நிலமிழந்த மக்கள் இங்கு வாழ்ந்தனர் என்பதற்கோ கடலடி மேடையே சான்று.

கடல் நிலம் கொள்ளும் வழிகள் மூன்று. முதலாவது, இப்போது கூறிய மெல்லிய ஏற்றம். இரண்டாவது, புயல் தள்ளும் வெள்ளம். 1964 திசம்பரில் ஓரிரவில் தனுக்கோடியைத் தின்றது அது. மூன்றாவது, நிலத்தட்டு திடுமென விடுபடுவதால் எழும் ஆழிப்பேரலை. மூன்றையும் ஒரே சொல்லால் குறித்தனர் நம் முன்னோர்: கடல்கோள்.

சொல் இருந்தது, அறிவு எங்கே?

2004 திசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, இந்திய நேரம் 6.29. சுமத்திராவுக்கு மேற்கே, நம் தட்டு கிழக்குத் தட்டின்கீழ் அமிழும் எல்லையில், நெடுங்காலமாகச் சிக்கியிருந்த பாறை 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு விடுபட்டது. நிலநடுக்க அளவு 9.1. கடலடி பல மீட்டர் உயர்ந்து அதன்மேலிருந்த நீர் முழுவதையும் தள்ளியது. இரண்டு மணி நேரத்திற்குப் பின்னர்த் தமிழகக் கரையை அலை அடைந்தது. பதினான்கு நாடுகளில் இரண்டே கால் இலக்கத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர். அவருள் ஏறத்தாழ 6,000 பேர் நாகை மாவட்டத்தார்.

இரண்டு மணி நேரம், அன்பர்களே! ஓடிப் பிழைக்கப் போதுமான நேரம். ஒரு கிலோமீட்டர் உள்ளே நடந்திருந்தால் உயிர் தப்பியிருக்கக் கூடியவர் எத்தனை பேர்! எவரும் சொல்லவில்லை, எவர்க்கும் தெரியவில்லை. மறுநாள் தாளிகைகள் 'சுனாமி' என்ற யப்பானியச் சொல்லைத் தேடிப் போட்டன. கடல்கோள் என்னும் சொல்லை இலக்கியத்தில் பெற்றிருந்த இனம், அதன் பொருளைக் கரையில் மறந்திருந்தது.

அந்த நிலநடுக்கத்தின் தலைவாயிலிலேயே சிமலூ என்று ஒரு தீவு உண்டு. அங்கு 1907இல் ஒரு பேரலை வந்து பலரைக் கொன்றது. பிழைத்தவர் தம் தாய்மொழியில் அதற்கு 'சுமோங்கு' என்று பெயரிட்டு, கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். நிலம் கடுமையாய் ஆடினால், கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்க நிற்காதே, மேட்டுக்கு ஓடு என்பதே அக்கதை. 2004இல் நிலம் ஆடியது. பத்து மணித்துளி அளவிலேயே அலை வந்தது. ஆனால் அதற்குள் "சுமோங்கு! சுமோங்கு!" என்று கூவிக்கொண்டு தீவே மலையேறிவிட்டது. ஏறத்தாழ 78,000 மக்களுள் உயிரிழந்தோர் 7 பேர். கருவியில்லை; வானொலியில்லை; செயற்கைக்கோள் இல்லை. ஒரு சொல் காத்தது. தாய்மொழியில், தாய்மடியில் கற்ற ஒரே சொல்.

மொழி எதற்கு என்று கேட்போர்க்கு இதைவிட விடை வேண்டுமா? அச்சொல் நம்மிடமும் இருந்தது. அவர்களிடம் அது தாலாட்டில் இருந்தது. நம்மிடம் உரையாசிரியர் ஏட்டில் இருந்தது. அவர்கள் அதை ஓடுவதற்குப் பயன்படுத்தினர். நாம் மூழ்கிய கண்டத்தின் படம் வரைவதற்குப் பயன்படுத்தினோம்.

2007இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை நடுவம் தொடங்கப்பட்டது, நன்று. ஆனால் எச்சரிக்கை ஒலிக்கும்போது அதன் பொருள் மீனவச் சிற்றூரின் சிறுவனுக்கும் விளங்கவேண்டும். நிலத்தட்டு என்றால் என்ன, கடல் ஏன் உள்வாங்குகிறது, எத்தனை நேரத்தில் அலை வரும் என்பதை நல்ல தமிழில் அவனுக்குக் கற்பிக்கவேண்டியவர் நாமே. தூய தமிழ்ச் சொல்லாக்கம் ஏட்டில் அழகுக்காக அன்று. கரையில் உயிர்காக்கவும் ஆகும்.

நிலம் இனியும் நகரும். சுமத்திரா எல்லையில் பாறை மீண்டும் சிக்கும், மீண்டும் விடுபடும். ஞாலம் வெம்மையுறுவதால் கடல்மட்டமும் இன்று ஏறிக்கொண்டிருக்கிறது. கடல்கோள் நமக்குப் பழம்பெருமை மட்டும் அன்று, வருங்காலமும் ஆகும். ஆதலால் கண்டத்துக் கனவைக் கைவிடுவோம். கடல்கோள் என்னும் சொல்லைக் கைவிடாதிருப்போம். ஒவ்வொரு கரையூர்ப் பள்ளியிலும், ஒவ்வொரு தாயின் கதையிலும் அச்சொல் மீண்டும் புகட்டும். அதன் பொருள் ஒன்றே: நிலம் ஆடினால், கடல் பின்வாங்கினால், மேட்டுக்கு ஓடு.

வாழ்க தமிழ்! வளர்க தமிழறிவு!